எழுதறதை கிளாஸ்ல சொல்லிக் கொடுக்க முடியுமா?

முடியும், ஆனா பாதிதான். நான் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற பசங்களுக்கு ரிப்போர்ட்டிங், செய்தி எழுதற பாடம் எடுக்கறேன். காலேஜ் விழாவ பத்தி எழுதச் சொன்னா குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடைன்னு வரிசையா வந்துட்டு, ஹாஸ்டல் ஃபீஸ் குறையுதுன்னு பிரின்சிபால் அறிவிச்சது கடைசி பாராவுல கிடக்கும், அதை மேல தூக்கி வைக்கப் பழக்கறதுதான் என் வேலை. மீதி வாசிச்சாத்தான் வரும். 1942ல மதுரையில ஆரம்பிச்ச தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் புரியற மாதிரி எழுதுச்சு, அதைச் சத்தமா வாசிங்கன்னு சொல்லுவேன், மூச்சு வாங்காத வாக்கியம் எப்படி இருக்கும்னு காதுக்கே தெரிஞ்சுடும். சும்மா மார்க் போடறதுல ஒண்ணும் வராது, ஒரு வரிய ஏன் வெட்டினேன்னு பக்கத்துல உக்காந்து காட்டினாத்தான் வேலைக்கு ஆகுது, அறுபது பேர் இருக்கற கிளாஸ்ல அதுக்கு நேரம் எங்க!