அக்காவின் குளிசையை நான் குடிக்கலாமா?

கேள்வி: வயது 24. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். அக்காவுக்கு பி.சி.ஓ.எஸ். (முட்டை ஒழுங்காக வெளியாகாத ஹோமோன் கோளாறு); கல்யாணமாகி ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லை. அம்மாவுக்கு நீரிழிவு. எனக்கு நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. முகத்தில் பரு, நாடியில் முடி. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். அக்காவின் மெட்ஃபோமினை (நீரிழிவுக்கும் கொடுக்கும் குளிசை) நானும் குடிக்கிறேன். யூடியூபில் பார்த்ததெல்லாம் பயமுறுத்துகிறது. கல்யாணம் பேசுகிறார்கள்.

பதில்: இந்தக் கோளாறு உள்ள பெரும்பாலான பெண்களுக்குப் பிள்ளை பிறக்கிறது. சிலருக்குத் தாமதமாகும், முட்டை வெளியாக வைக்கும் லெட்ரோசோல் போன்ற மருந்து சிலருக்குத் தேவைப்படும். அக்காவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அவருடைய ஐந்து வருடம் உங்கள் தலையெழுத்து இல்லை. அப்புறம், அவருடைய கணவரை யாராவது பரிசோதித்தார்களா?

ஸ்கேனில் தெரிந்தவை முதிராமல் நின்ற சிறு முட்டைப்பைகள். வெட்டி எடுக்க அங்கே ஒன்றுமில்லை. பருவுக்கும் முடிக்கும் வைத்தியம் உண்டு, அவசரமில்லை.

அவசரம் அந்த நாலு மாதத்தில்தான் இருக்கிறது. முட்டை வெளியாகாத மாதங்களில் கருப்பையின் உள்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் பெரும்போக்காக வரலாம். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தப் படலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். உங்கள் வயதில் அது மிக அரிது, தடுப்பதும் எளிது: சில நாட்களுக்கு புரோஜெஸ்டரோன் வகைக் குளிசை கொடுத்து மாதவிடாயை வரவைப்போம். அதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், கோபிக்காதீர்கள், எல்லோருக்கும் செய்வதுதான். மாதவிடாயைக் குழப்பக்கூடிய தைரொயிட், புரோலாக்டின் ஹோமோன்கள் இரண்டையும் இரத்தத்தில் பார்ப்பார்கள். இனிமேல் மூன்று மாதம் தாண்டவே விடாதீர்கள். மணிக்கொரு பேட் நனைகிற அளவுக்குப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அக்காவின் சட்டையைப் போடலாம், குளிசையைக் குடிக்கக் கூடாது. மெட்ஃபோமின் நல்ல மருந்துதான். அது உங்களுக்கு வேண்டுமா, எவ்வளவு, சிறுநீரகம் சரியா என்று யாராவது பார்த்தார்களா? நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு நீரிழிவு என்பதால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதச் சீனி அளவைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை மட்டும் போதாது, தோட்டப் பெண்கள் பலருக்கு இருக்கும் இரத்தசோகை அதன் கணக்கைக் குழப்பிவிடும். உடம்பு பருமன் என்றால் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே மாதவிடாய் சீராகலாம். மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயிலிருந்து தொடங்குங்கள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியின் பெண் நோயியல் கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஸ்கேன் ரிப்போட்டோடு அந்த மெட்ஃபோமின் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.