கிலுகிலுப்பை காய்ந்ததும் பிடுங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று, குளக்கட்டில் மஞ்சளாகப் பூத்திருந்த கிலுகிலுப்பையின் விதைகளை எடுத்துவந்து சித்திரை மழைக்கு வளவில் தூவினேன். ஒரு பிடி விதையில் மூன்றுதான் முளைத்தன. அவை பூத்தபோதும் வண்ணத்துப்பூச்சி அவ்வளவாக வரவில்லை. காய்ந்ததும் பிடுங்கி எரித்துவிட்டேன். எங்கே பிழை?

பதில்: எரித்ததில்தான். முளைப்பை அப்புறம் பார்ப்போம்.

கிலுகிலுப்பைப் பூவை மொய்ப்பது பெரும்பாலும் மரம் துளைக்கும் கருவண்டுதான். கறுப்பில் வெளிர்நீலக் கீறு போட்டவை, எருக்கலையில் புழுவாய் வளர்ந்த செம்மஞ்சள் நிறத்தவை ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் தேடி வருவது வாடிய இலையையும் காய்ந்த தண்டையும். ஆண் பூச்சிகள் உறிஞ்சுகுழலால் அதை நனைத்து, கரைந்துவரும் ஆல்கலாய்டு என்னும் கசப்பான இரசாயனத்தை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் செய்துகொள்கின்றன. ஒரு கொப்பை நசுக்கி வாடவிட்டு, காலையில் வேலியில் தொங்கவிட்டுப் பாருங்கள். வந்து அமர்ந்தால், கிட்டப் போனாலும் சிலவேளை எழும்பாது.

சரி, முளைப்பு. விதையின் தோல் கடினமானது. சீமெந்துப் படியில் இலேசாகத் தேய்த்து, இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் ஊதியிருப்பவற்றை நடலாம். ஊதாததைத் திரும்பவும் தேய்க்க வேண்டும். சித்திரை மழையை நம்பினால் கச்சான் காற்று காய்ச்சிவிடும். புரட்டாசிக் கடைசியில், காலபோக மழையோடு நடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் ஆழம், ஒரு முழ இடைவெளி போதும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றுப் போட்டு மாற்றாமல் நேரே மேட்டில் ஊன்றுங்கள். யூரியா வேண்டாம், அவரைக் குடும்பம், வேர்முடிச்சே தழைச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வேலி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். அதே ஆல்கலாய்டு மாடு, ஆடு, கோழிக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. கட்டாக்காலி மாடுகள் திரியும் இடத்தில் இது விளையாட்டல்ல. காய்ந்த செடி வைக்கோலோடு கலந்துவிடவும் கூடாது.

மொட்டிலும் காயிலும் புழு இருந்தால் மருந்தடிக்காதீர்கள். சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றும் அங்கேதான் வளர்கிறது. அது கௌப்பிக் காயையும் துளைக்கும். அதனால் கௌப்பிப் பாத்திக்குத் தள்ளியே நடுங்கள். அடுத்த வருடத்துக்கு, ஆட்டினால் கிலுகிலுக்கும் காய்களாகப் பார்த்துப் பத்துக் காய் மட்டும் பறித்து வையுங்கள். மிச்சம் செடியிலேயே நிற்கட்டும்.