இறால் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் பாருங்கள் தம்பி

அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறேன், அங்கே பூச்சியைச் சாப்பாட்டில் போட அனுமதி கொடுத்துவிட்டார்களாமே, தெரியாமல் தின்றுவிடுவோமா, உடம்புக்கு ஆகுமா, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் அனுப்புவதெல்லாம் வந்ததும் யாராவது காட்டிக் கொடுப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை அனுமதித்தது உண்மைதான். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் அதில் வரும். ஆனால் வெளியே பிடித்தது கூடாது, கட்டுப்பாடுள்ள பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும், பாக்கெட்டில் வந்தால் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பரோட்டா மாவில் கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பூச்சி மாவு மைதாவைவிடப் பல மடங்கு விலை, அதைக் கலந்து எந்தக் கடைக்காரருக்கு என்ன லாபம்? வருஷக்கணக்காக இங்கே இருப்பவர்களே இதை ஃபார்வர்டு செய்து புதிதாக வருகிற பையன்களைப் பயமுறுத்துவதுதான் எனக்குக் கோபம்.

பயப்பட வேண்டியவர்கள் யார் என்றால், இறாலோ நண்டோ தின்றால் உதடு தடித்து உடம்பு அரிக்கிறவர்கள். அந்த ஒவ்வாமையைக் கிளப்பும் டிரோபோமயோசின் என்ற புரதம் பூச்சியிலும் இருக்கிறது, வறுத்தாலும் அவித்தாலும் போகாது. மூச்சடைப்பு வரைக்கும் போகலாம். அப்படி ஒரு ஆள் என்றால் தொடவே தொடாதீர்கள், யார் பந்தயம் கட்டினாலும் சரி. அப்புறம், பறவைக்கும் மீனுக்கும் தீனியாகக் கடையில் விற்கும் புழு மனிதர் தின்பதற்கு வளர்த்தது இல்லை. எனக்கு இறால் ஒத்துக்கொள்ளும் என்பதால் ஓர் உணவகத்தில் சுவர்க்கோழி வறுவல் சாப்பிட்டேன், நெத்திலிக் கருவாடு வறுத்தது மாதிரி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. வந்த ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை விசாரித்துச் சாப்பிடப் பழகினதால்தான் இத்தனை வருஷம் இங்கே தாக்குப்பிடித்தேன்.

பண்ணைப் பூச்சியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியைப் பற்றிச் சொல்வார்கள், கொதிக்க வைத்தாலும் அதன் வித்து சாகாது. அதே கிருமிதான் ஆறிக் கிடக்கும் சோற்றிலும் பெருகுகிறது, அங்கேதான் உங்களுக்கு நிஜமான ஆபத்து. நான் வந்த புதிதில், தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரிக்கு ஒரு கேட்டரிங்காரர் சாப்பாடு போட்டார். நடுராத்திரியில் ஆக்கி, விடிவதற்கு முன் லாரி ஏறும்போது மத்தியானப் பொட்டலத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சைட்டில் கம்பியில் மாட்டி வைத்து பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும், சோற்றை விரலால் எடுத்தால் நூல் இழுக்கும். பசியில் அதையும் தின்றுவிட்டு மத்தியானமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கூட வேலை பார்த்த பங்களாதேஷ் அண்ணன் ஒருவர்தான் பொட்டலத்தை முதலில் முகர்ந்து பார்க்கச் சொன்னார், வாடை வந்தால் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பார்.

கம்பெனிக்காரரிடம் இப்போதே கேளுங்கள்: டார்மிட்டரியில் சமையல்கட்டு உண்டா, சாப்பாட்டுக்கென்று சம்பளத்தில் பிடிப்பார்களா. சமையல்கட்டு இருந்தால் கேட்டரிங் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.