தோற்ற மீன் ஏன் கறுக்கிறது?

“தொட்டியில் வளரும் வானவில் ட்ரவுட் மீன்களில் ஒன்று மட்டும் கறுத்து, மூலையில் ஒதுங்கி நிற்கிறதே, நோயா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வால் மட்டும் கறுத்து, மீன் சுழன்று சுழன்று நீந்தினால் ஒட்டுண்ணியால் வரும் சுழல்நோயைச் சந்தேகிக்க வேண்டும்; பார்வை இழந்த மீனும் கறுக்கும். இவை இல்லையென்றால், அது பெரும்பாலும் சண்டையில் தோற்ற மீன்தான். முதுகுத் துடுப்பின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள், கடிபட்டுக் கிழிந்திருக்கும்.

ட்ரவுட்டும் அடங்கிய சால்மன் குடும்பத்து இளமீன்கள் இரைக்கும் இடத்துக்கும் கடுமையாகப் போட்டியிடுபவை. அட்லாண்டிக் சால்மனில் தோற்ற மீனின் உடலும் கண்வெள்ளையும் கறுப்பது பணிந்துவிட்டதன் அடையாளம். அதைக் கண்டதும் வென்ற மீனின் தாக்குதல் தணிகிறது. மன அழுத்தத்தின்போது கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனும், தோலின் நிறமிச் செல்களுக்குள் மெலனின் என்ற கருநிறமியின் மணிகளைப் பரப்பும் ஹார்மோனும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து பிரிந்து வருவதால்தான், அச்சமும் நிறமும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கின்றன.

நிலையான கரும்புள்ளிகளை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ட்ரவுட்டிலும் சால்மனிலும் புள்ளி மிகுந்த மீன்களுக்கு அழுத்தத்தின்போது கார்ட்டிசோல் குறைவாகவே உயர்வதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் மீனை இன்றே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். துரத்தும் மீனிடமிருந்து தப்பிக்க அதற்கு இப்போதுள்ள தொட்டியில் வேறு வழியில்லை.