இரண்டு முறை அட்மிட் ஆன பையனுக்கு இன்ஹேலரை நிறுத்தலாமா?

ஆறு வயது மகன் வீசிங்கால் இந்த வருடமே இரண்டு முறை அட்மிட் ஆனான், நன்றாக இருக்கும்போது தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறோம் என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். கடந்த 12 மாதங்களில் ஒருமுறை அட்மிட் ஆன பிள்ளைக்கு மறுபடி அந்த நிலை வரும் வாய்ப்பு அதிகம். திணறும்போது கொடுக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு போன்ற தடுப்பு மருந்து. அதைத் தினமும் எடுத்தால்தான் பலன். "பழக்கமாகிவிடும்" என்று எங்கள் வீட்டிலும் பாட்டி பயமுறுத்தினார், அப்படி ஆகாது.

200 பஃப் கொண்ட ஒரு சால்பூட்டமால் இன்ஹேலர் ஒரே மாதத்தில் காலியானால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) வைத்துத்தான் கொடுக்கிறீர்களா? இல்லாவிட்டால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். அப்புறம், வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? பேச முடியாமல் திணறினாலோ விலா இடுக்கு உள்வாங்கினாலோ சால்பூட்டமாலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.