துருப்பிடித்த மட்கார்டும் பட்டிப் பூச்சும்

கேள்வி: 1950-களில் தயாரான பிக்கப் டிரக் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். முன் மட்கார்டுகள் இரண்டிலும், சக்கரத்துக்குப் பின்னால் கீழே இறங்கும் பகுதியில் பெயின்ட் கொப்புளம் கட்டியிருக்கிறது. ஒன்றை நகத்தால் சுரண்டியபோது ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. சுரண்டிவிட்டுப் பட்டி போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. சக்கரம் வாரியிறைக்கும் சேறு மட்கார்டின் உட்புறத்தில், தாங்குதகடு வந்து சேரும் மடிப்பில் போய்த் தங்கி, வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், இந்த இடத்தில் அரிப்பு பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது. அந்தப் பருமன் தள்ளுவதைத்தான் நீங்கள் கொப்புளமாகப் பார்க்கிறீர்கள். வெளியே ஊசித் துளை தெரிகிறதென்றால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு மெலிந்திருக்கக்கூடும். உட்புறத்தைச் சுரண்டிவிட்டுத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மண்பானை விரிசல் விட்டதுபோல் மங்கலாக ஒலிப்பதோடு, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்தும் வரும். பட்டியிலோ மாவுக்கல் தூள் இருக்கிறது. பின்புறமிருந்து துளை வழியே வரும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஓட்டையைப் பட்டியால் அடைப்பது, புரையோடிய பல்லை வெளியே மட்டும் வெள்ளையடிப்பதைப் போன்றது.

செய்ய வேண்டியது, கெட்ட பகுதியை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. அக்கால பிக்கப்களில் மட்கார்டுகள் பெரும்பாலும் போல்ட்டால்தான் பிணைக்கப்பட்டிருக்கும் என்பதால் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். போல்ட்களுக்கு முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். இறுகியதை முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே கூட்டில் இருக்கும் நட்டு பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்கும், பிறகு அதுவே தனி வேலையாகிவிடும். மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை வாஷர் இருந்தன என்று குறித்து வைக்காதவர்கள், திரும்பப் பூட்டும்போது கதவு உரசுகிறதே என்று திண்டாடுவார்கள். இரண்டு மட்கார்டுகளையும் ஒரே நேரத்தில் அறுக்காதீர்கள். ஒன்றை முடிக்கும்வரை மற்றொன்று வளைவுக்கு மாதிரியாக இருக்கட்டும். அறுப்பதற்கு முன்பே தடித்த அட்டையில் அந்த வளைவை வெட்டி எடுத்துக்கொள்வதும் நல்லது.

நல்ல இரும்பு தெரியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளியே வெட்டுங்கள். ஒட்டுத்தகடு பழைய தகட்டின் கனத்திலேயே இருக்க வேண்டும். அக்கால வண்டிகளில் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனமான, 18 கேஜ் தகடு வழக்கமாக இருந்தது. ஆனாலும் உங்களுடையதை அளந்தே வாங்குங்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் வெல்டிங் விளிம்பில் பூச்சை நீக்கிவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவது சுலபம் என்றாலும், அந்த இடுக்கில் நீர் தங்கி அடுத்த துருவுக்கு வீடு கட்டித் தரும். விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே முறை. 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட, கம்பியைத் தானே ஊட்டும் மிக் வெல்டிங் எந்திரத்தால் ஒரு புள்ளி வைத்து, அடுத்ததை எதிர்ப்பக்கத்தில் வைத்து, கை பொறுக்கும் அளவுக்குத் தகடு ஆறிய பின்னரே இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஒரே மூச்சில் கோடு இழுத்தால் தகடு அலையலையாக நெளிந்துவிடும். ஆறும்போது வெல்டிங் சுருங்கி அக்கம்பக்கத்தை இழுக்கும். பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டினால் இழுத்தது தளர்ந்து வளைவு திரும்பி வரும். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். அவசரக்காரர்களுக்கு இது வாய்க்காது.

கேள்வி: ஓட்டை விழாத, மேலோட்டமான துருவுக்கு அமிலம் நல்லதா, மின்சாரத் தொட்டி நல்லதா, மணல் வீச்சு நல்லதா?

பதில்: மட்கார்டு போன்ற அகலத் தகட்டுக்கு மணல் வீச்சை நான் சொல்ல மாட்டேன், அழுத்தம் கூடினால் தகடு நீண்டு உப்பிவிடும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது, ஆனால் மடிப்புகளுக்குள் தங்கினால் மேலே வரும் பெயின்டைப் பிடிக்கவிடாது என்பதால் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். தொட்டி முறையில் சலவைச் சோடா கரைத்த நீரில் மட்கார்டை எதிர்மின் முனையிலும் பழைய இரும்புத் துண்டை நேர்மின் முனையிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் மட்கார்டே கரையும். நேர்மின் முனையில் எவர்சில்வர் வைக்காதீர்கள், நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்த பின் மீண்டும் துரு வராமல் இருக்க?

பதில்: வெறும் இரும்பில் சில மணி நேரத்திலேயே செந்துரு படரும், ஆகவே சுத்தம் செய்த அன்றே எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். பட்டி அதற்கு மேல்தான் வர வேண்டும், அதுவும் 3 மில்லிமீட்டருக்குள். உள் மடிப்புகளில் இடுக்கை அடைக்கும் சீலர் தடவி, பெயின்ட் காய்ந்த பிறகு அங்கெல்லாம் மெழுகுப் பூச்சு தெளியுங்கள். மட்கார்டுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பீடிங் என்ற ஓரப்பட்டையையும் புதிதாகப் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால், உப்புத்தாளை நனைத்தே தேயுங்கள், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். கீழ் விளிம்பில் நீர் வடியும் துளைகள் இருக்கும். பெயின்டும் சீலரும் அவற்றை அடைத்துவிட்டனவா என்று, வண்டியில் பூட்டுவதற்கு முன் ஒரு குவளை நீரை உள்ளே ஊற்றி, அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள்.