எவன் நல்லா ஆடினான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். 2014-இலிருந்து சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ரசிகன். முதல் மூன்று சீசனில் நேரு ஸ்டேடியத்தில் நடந்த எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. இப்போது இரண்டு சீசனாகப் போகவே இல்லை. ஆபீஸிலிருந்து அடித்துப்பிடித்து ஏழரை மணி ஆட்டத்துக்குப் போய், தோல்வியைப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்கு வீடு திரும்புவதில் என்ன இருக்கிறது? அதையே போனில் பார்க்கலாம். மைதானத்தைச் சுற்றியிருக்கும் தடகள ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். பார்க்கிங் கிடைப்பதில்லை. குடும்பத்தோடு போனால் செலவு வேறு. என் நண்பர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆனாலும் டிவியில் காலி கேலரியைக் காட்டும்போது கஷ்டமாக இருக்கிறது. அணி தோற்க ஆரம்பித்ததும் ரசிகர்கள் ஏன் இப்படி விலகிப் போகிறார்கள்? தவறு எங்கள்மேலா, அணிமேலா?

என் மகனுக்கு எட்டு வயது. மேட்சுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். தோற்கிற டீமைக் காட்டி அவன் மனதை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று பெரியமேட்டில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு சைடன்ஹாம்ஸ் சாலை வழியாக ஸ்டேடியத்தை ஒட்டியே நடந்து வந்தேன். ஆட்டம் இல்லாத நாள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. அங்கே நின்றபோது என் மாமாவின் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம். இல்லாவிட்டால் இதற்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பார்க்கிங்கைப் பற்றிப் பேச வேண்டாம். குரோம்பேட்டையிலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரம்தான். போனில் பார்ப்பது பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பாருங்கள். ஓடுதளம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது எல்லா விளையாட்டுக்குமாகக் கட்டிய இடம், 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடம். கால்பந்துக்கு அந்தத் தூரம் கெடுதல்தான். செலவும் உண்மையான தடைதான், கையில் இல்லாதவரைப் பார்த்து ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் செலவு கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது தோல்வி. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தோற்பதால் கூட்டம் குறைகிறது என்றால் கொச்சியில் ஒரு ஈ காக்காய்கூட இருக்கக் கூடாது. அந்த ஊரின் கேரளா பிளாஸ்டர்ஸ் இந்தியன் சூப்பர் லீகில் 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் மூன்றிலும் தோற்ற அணி. நம் அணி 2015-இலும் 2018-இலும் கோப்பை வாங்கியது. கோப்பையே வாங்காத அணிக்காக கொச்சியின் கலூர் ஸ்டேடியம் வருஷக்கணக்கில் மஞ்சளாக நிரம்பியது. இரண்டு கோப்பை வாங்கியவர்களின் கேலரி காலி. அங்கேயும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை என்பது உண்மைதான். 2024 டிசம்பரில் அவர்களுடைய ரசிகர் கூட்டமான மஞ்ஞப்பட நிர்வாகத்தின்மேல் கோபப்பட்டு, இனி டிக்கெட் விற்பனையில் பங்கெடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. அது சண்டை. சண்டை போடுகிறவன் வீட்டை விட்டுப் போகவில்லை. நீங்களும் உங்கள் நண்பர்களும் சண்டைகூடப் போடவில்லையே. ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் நின்றுவிட்டீர்கள்.

ஏன் நின்றீர்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் கோவா அணியை 4-1 என்று அடித்தோம். அனிருத் தாப்பா போட்ட கோலுக்கு எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த மைதானத்தில் நம் அணி ஆட வந்தது 2022 அக்டோபரில். இரண்டரை வருஷத்துக்கும் மேல். நடுவில் இரண்டு சீசன் முழுக்க நம் ஆட்டங்கள் கோவாவில், ஆள் இல்லாத மைதானங்களில் நடந்தன. நீங்கள் சனிக்கிழமை பக்கத்து சீட்டில் பார்த்துத் தலையாட்டும் மனிதரை இரண்டரை வருஷம் பார்க்காமல் இருந்தால் அவர் எங்கே போனார் என்றே தெரியாது. அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. திரும்பிப் போன அன்று அவர் இல்லை. ஒவ்வொரு ஆட்டமாக நீங்களும் விட ஆரம்பித்தீர்கள். தோல்வி அதற்கப்புறம்தான் காரணமாக வந்து சேர்ந்தது. 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆவதாக முடித்தோம், அதை மறைக்க முடியாது. ஆனால் பழக்கம் அறுந்தது அதற்கு வெகு முன்னால். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்தபோது, 2025-இல் ஒப்பந்தச் சிக்கலில் லீக்கே நின்று, சீசன் வழக்கமான மாதத்தில் தொடங்கவில்லை.

தோல்வியைப் பார்த்து விலகினோம் என்கிறீர்களே, 2018-19 ஞாபகம் இருக்கிறதா? கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி இடத்தில் முடித்தோம். 18 ஆட்டம், இரண்டே வெற்றி. அடுத்த சீசனும் அப்படியேதான் தொடங்கியது. பயிற்சியாளர் ஜான் கிரெகரி பாதியில் விலகினார், ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் கோல்மேல் கோலாகப் போட்டார், 15 கோல். அடிமட்டத்தில் கிடந்த அணி இறுதி ஆட்டம்வரை போனது. அந்த 4-1 அந்த சீசனில்தான். மோசமான நாட்களிலும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை கிடைத்தது. மார்ச் 14-இல் இறுதி ஆட்டம் கோவா ஃபத்தோர்டாவில், கொரோனா பயத்தால் ரசிகர்களே இல்லாமல் நடந்தது. கொல்கத்தாவின் ஏடிகே-யிடம் 1-3 என்று தோற்றோம். போக ஆசைப்பட்டு டிக்கெட்டும் ரயிலும் போட்டு வைத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அன்று ராத்திரி அவன் என்னிடம் பேசியதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் அவனுக்கு மறுக்கப்பட்ட இடம் உங்களுக்கு இப்போது திறந்து கிடக்கிறது, ஆர்.

அணியின்மேலும் தவறு உண்டு. அந்தச் சீசன் முடிந்ததும் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனார்கள். 2016-இல் சின்னப் பையனாக வந்து கேப்டனாக வளர்ந்த தாப்பா 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். ஆட்டக்காரர்களின் பிழைப்பு அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்துக்கு வருஷம் முகங்கள் மாறும்போது பார்க்கிறவன் யாரைப் பிடித்துக்கொள்வான்? 2018-இல் பெங்களூரில் கோப்பை வாங்கிய அணியில் தனபால் கணேஷ் இருந்தார். வியாசர்பாடிக்காரர். அந்த வருஷம் வியாசர்பாடியிலிருந்து வந்தவர்கள் யாருக்கும் ஏன் வந்தாய் என்ற கேள்வியே எழவில்லை. நம் பையன் ஆடுகிறான், வந்தேன். அவ்வளவுதான்.

இங்கேதான் மாமா வருகிறார்.

மாமாவுக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை. பெரம்பூரில் வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவார். இப்போதிருக்கும் கட்டடம் இல்லை, அது 1993-இல் வந்தது. பெரியவர்கள் அப்போதும் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் லீக் ஆட்டம். மாமா ஆதரித்தது பெரிய டீம் எதையும் இல்லை. அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ஒரு ஃபிட்டர் கோல்கீப்பராக நின்ற சின்ன டீம். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. நான் பார்த்த வரைக்கும் அது தோற்றுக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் ஐந்து கோல் வாங்கியது. நான் அழுதுவிட்டேன். மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை, சமாதானமும் செய்யவில்லை. வெளியே வந்து எனக்குப் பன்னும் அவருக்கு டீயும் வாங்கிக்கொண்டு, எப்போதும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

“எவன்டா நல்லா ஆடினான்?”

ஜெயித்தாலும் அதுதான், தோற்றாலும் அதுதான். ஸ்கோரைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் அழுதுகொண்டே, இடது பக்கம் தடுத்து ஆடுகிற லெஃப்ட் பேக் என்றேன். ஏன் என்றார். எதிரணியின் விங்கர் மூன்று தடவை அவரைத் தாண்டிப் போனான், நாலாவது தடவை இவர் முன்கூட்டியே உள்பக்கம் நகர்ந்து நின்று பந்தைப் பிடுங்கினார் என்றேன். மாமா டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதை நான் பாக்கல” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அந்தக் கோல்கீப்பர் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஐந்து கோல் வாங்கினவர். மாமா அவரிடம் போய், மூணாவது கோலில் நீ ரெண்டு அடி முன்னால வந்துட்ட, என்றார். அவர், வெளிச்சம் போயிடுச்சுண்ணே, என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாமா ஒரு ஆட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் மறுநாள் குழாயடியில் அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்? அவர் போனதற்குக் காரணம் இந்தக் குழாயடிதான் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

உங்களுக்கு அந்தக் குழாயடி இல்லை. ஆட்டக்காரர் மணிப்பூரிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வருகிறார், சீசன் முடிந்ததும் போய்விடுகிறார். அதனால்தான் கேலரியில் பக்கத்தில் உட்காருகிறவர் முக்கியம் என்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே மேளம் அடித்துப் பாடுகிற பையன்கள், பெண்கள் இருக்கிறார்கள். பி ஸ்டேண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று பெயர். அணி 11-ஆவது இடத்தில் இருந்தபோதும் அங்கே போய் நின்றவர்கள். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பார். உங்களை அப்படிக் கேட்க யாரும் இல்லாமல் போனதுதான் நடந்திருக்கிறது. நீங்களும் உங்கள் நண்பர்களில் யாரையும் கேட்கவில்லை. இதற்குத்தான் எனக்கு உங்கள்மேல் கோபம். டிவியில் காலி கேலரியைப் பார்த்துக் கஷ்டப்பட்டேன் என்று எனக்கு எழுதியதற்குப் பதில், அந்த நேரத்தில் ஒரு நண்பருக்கு போன் செய்திருக்கலாம்.

காலி கேலரி ஆட்டத்தையும் மாற்றிவிடும். 2020 மே மாதம் ஜெர்மனியில் ஆளில்லாமல் லீக் மறுபடி தொடங்கியபோது சொந்த மைதானத்தில் ஆடுகிற அணிக்கு இருந்த சாதகம் குறைந்தது. ரசிகர்கள் இல்லாத ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், வெளியூர் அணிக்கு ரெஃபரிகள் காட்டும் மஞ்சள் அட்டையும் குறைந்ததைக் கண்டார்கள். ஆகவே, ஜெயித்தால் வருகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஜெயிப்பையும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறார்.

இப்போது உங்கள் மகன். தோற்கிற டீமைக் காட்டி மனதைக் கெடுப்பதா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். எட்டு வயதுப் பையன் போகலாம் என்று கேட்கிறான். அணி எந்த இடத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், இந்தக் காலத்துப் பையன்களுக்குப் புள்ளிப்பட்டியல் நமக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. தெரிந்துதான் கேட்கிறான். தோல்வி அவனை என்ன செய்துவிடும்? அழுவான். நானும் அழுதேன். அழுதுகொண்டே ஒரு லெஃப்ட் பேக்கைப் பார்த்தேன், ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் நின்ற இடம் எனக்குத் தெரிகிறது. மனம் கெடுவது அவனுக்கா உங்களுக்கா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2015-இல் ஃபத்தோர்டாவில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை கிடைத்ததைக் கண்ட அப்பா நீங்கள். மெண்டோசாவின் அந்தக் கோலுக்குப் பிறகு எந்த ஆட்டமும் உங்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். அவனுக்கு அப்படி இல்லை, அவன் இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை. 4-1 நடந்த அந்தச் சனிக்கிழமை அவனுக்கு மூன்று வயதுகூட ஆகியிருக்காது.

அடுத்த ஆட்டம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். 1997-இலிருந்து அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அங்கே கால்பந்து சொல்லித்தருகிறார்கள். டிக்கெட் இல்லை, ஓடுதளம் இல்லை, கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். பந்து உங்கள் காலில் வந்து படும். யார் ஜெயித்தார்கள் என்று அவனிடம் கேட்காதீர்கள். வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, மாமா கேட்ட கேள்வியை மட்டும் கேளுங்கள். அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் நண்பர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்று ராத்திரியே ஒருவருக்காவது போன் செய்யுங்கள்.

அன்புடன்.